உடற்பயிற்சியும் குமட்டலும்

உடல் உறுதியாக இருப்பதற்கு உணவு எவ்வளவு இன்றியமையாததோ, உழைப்பும் அவ்வளவு இன்றியமையாதது. முற்காலத்தில் ஏர் உழுதலும், நீர் இறைத்தலும், நெல் குற்றுதலும், நெடுந்தொலைவு நடத்தலும் மக்களுக்கு நாள்தோறும் வாய்த்த பயிற்சிகளாக இருந்தன. இக்காலத்தில் அவ்வேலைகளுட் பலவற்றைப் பொறிகள் செய்து முடிக்கின்றன. ஆதலின், உடலுக்கு வேண்டிய உழைப்பைத் தனியே பயிற்சியாகச் செய்ய வேண்டியதாயிற்று. நடை, ஓட்டம், நீச்சல், சிலம்பம், கபடி, யோகம் முதலியன இதற்கு உதவுகின்றன.

பயிற்சியின் நன்மையை அறிந்து அதனைத் தொடங்குவோர் பலர். ஆனால், சின்னாளில் அதனைக் கைவிடுவோரும் பலர். அவர்கள் கூறும் காரணங்களுள் குமட்டலும் ஒன்று. ஓடும்போதோ, ஓடி முடித்த உடனோ, வயிற்றைப் புரட்டுகிறது, வாயில் நீர் ஊறுகிறது, தலை சுற்றுகிறது, சிலர் வாந்தியும் எடுக்கின்றனர். இவ்வாறு இரண்டொரு முறை நேர்ந்தவுடன், பயிற்சி தம் உடலுக்கு ஒவ்வாது என்று அவர்கள் முடிவு செய்துவிடுகின்றனர். அம்முடிவு பெரும்பாலும் தவறானது. காலமும் அளவும் அறிந்து பயிற்சி செய்வோர்க்குக் குமட்டல் பெரும்பாலும் வருவதில்லை.

புதுச்சேரி நகரின் மேற்குப் பகுதியில், விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள ஊர் ரெட்டியார்பாளையம். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் நெடுங்காலம் இருந்தமையால், இரும்புக் குண்டுகளை எறிந்து ஆடும் பெத்தாங் என்னும் விளையாட்டு புதுச்சேரி வட்டாரத்தில் இன்றும் ஆடப்படுகிறது. மாலை வேளையில் நிழலில் நின்று அவ்விளையாட்டை ஆடும் முதியவர்க்குக் குமட்டல் உண்டாவதில்லை. வைகறையில் சாலை ஓரமாக ஓடிப் பழகும் மாணவர்க்கும், காவலர் தேர்வுக்கு அணியமாகும் இளைஞர்க்குமே அஃது உண்டாகிறது. இரண்டும் உடலை அசைக்கும் செயல்களே. ஆயினும் ஒன்றில் உழைப்பு மெல்லியது, மற்றொன்றில் கடியது. இவ்வேறுபாட்டை ஆராய்ந்தால் குமட்டலின் காரணம் விளங்கும்.

மூளையின் அடிப்பகுதியில் முகுளம் என்னும் உறுப்பு உள்ளது. வாந்தியை ஆளும் நரம்பு மையம் அங்கேதான் அமைந்திருக்கிறது. இரைப்பையும் குடலும் அனுப்பும் செய்திகள் அங்குச் சென்று சேர்கின்றன. குருதியில் நேரும் மாற்றங்களும், உட்செவி உணர்த்தும் அசைவுகளும் அவ்வாறே அதனை அடைகின்றன. உடலில் ஏதோ ஒன்று முறை தவறியது என அச்செய்திகள் தெரிவிக்கும்போது குமட்டல் தோன்றுகிறது. ஆகவே, குமட்டல் என்பது வாயில் காப்போன் எழுப்பும் குரலை ஒத்தது. குரல் எழுந்தால், வாயிலில் நிற்பது யாரென்று பார்த்தல் வேண்டும். காப்போனைக் கடிந்துகொள்வதால் பயனில்லை.

அமைதியாக இருக்கும் வளர்ந்த மனிதன் ஒருவனின் இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் குருதியை வெளியே செலுத்துகிறது. அதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இரைப்பை, குடல், கல்லீரல் முதலிய உறுப்புகளுக்குச் செல்கிறது. அதே மனிதன் விரைந்து ஓடும்போது, இதயம் நிமிடத்திற்கு 20 லிட்டர் அளவுக்கும் குருதியைச் செலுத்தக்கூடும். ஆனால், அதில் 100-க்கு 80 பங்குக்கு மேல் தசைகளே பெற்றுக்கொள்கின்றன. செரிமான உறுப்புகளுக்குக் கிடைப்பது 100-க்கு 5 பங்கு அளவே. ரெட்டியார்பாளையத்திற்கு மேற்கே ஊசுட்டேரி என்னும் பெரிய ஏரி உள்ளது. ஏரியின் ஒரு மதகை முழுதும் திறந்து, மற்றொரு மதகை ஏறக்குறைய அடைத்துவிட்டால், அடைத்த மதகின்கீழ் உள்ள கழனி வாடுமன்றோ? கடும் ஓட்டத்தின்போது இரைப்பையின் நிலையும் அத்தகையதே. அதனுள் உணவு நிறைந்திருந்தால் செரிக்கும் வேலை தடைப்படும், தேங்கிய உணவு புரளும், குமட்டல் எழும்.

இதனோடு வேறொன்றும் சேர்கிறது. ஆற்றலுக்கு மீறி விரையும்போது தசைகளில் அமிலத்தன்மை மிகுந்து, அது குருதியிலும் கலக்கிறது. மூச்சு முட்டுவதும், கால்கள் கனப்பதும், வயிறு புரட்டுவதும் ஒருங்கே தோன்றுவது இதனாலேயே. ஓட்டத்தில் உடல் மேலும் கீழும் குலுங்குவதால் இரைப்பையும் குலுங்குகிறது. மிதிவண்டி ஓட்டுவோரைக் காட்டிலும் ஓடுவோர்க்கு வயிற்றுத் தொல்லை மிகுதியாக வருவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

குமட்டலைத் தடுக்கும் வழிகளுள் முதலாவது உணவின் காலத்தை அறிதல். வயிறார உண்ட உணவு இரைப்பையை விட்டு நீங்குவதற்கு 3 அல்லது 4 மணி நேரம் ஆகும். நெய் மிகுந்த பொங்கல், எண்ணெயிற் பொரித்த வடை, பூரி, பரோட்டா, இறைச்சி ஆகியன மேலும் தாமதித்தே நீங்கும். ஆகையால், பேருணவு உண்டபின் 3 மணி நேரமேனும் கழிந்த பிறகே கடும் பயிற்சி செய்தல் வேண்டும். இரண்டு இட்டிலி போன்ற சிற்றுணவாயின் ஒன்றரை மணி முதல் 2 மணி நேரம் போதும். வாழைப்பழம் ஒன்றாயின் அரை மணி முதல் ஒரு மணி நேர இடைவெளி போதுமானது. முன் உண்டது அற்றதை அறிந்து பின் உண்பவனுக்கு மருந்தென ஒன்று வேண்டுவதில்லை என்னும் கருத்தைத் திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் கூறியுள்ளார். உண்பதற்கு அவர் வகுத்த அந்நெறி ஓடுவதற்கும் பொருந்தும்.

உணவைக் குறைத்தல் நன்று என்று கேட்டவுடன், சிலர் ஒன்றும் உண்ணாமலே ஓடத் தொடங்குவர். அதுவும் தீங்கே. முன்னாள் இரவு சரிவர உண்ணாமல், காலையில் வெறும் வயிற்றோடு நெடுநேரம் ஓடுபவனின் குருதியில் சர்க்கரையின் அளவு குறையக்கூடும். அப்பொழுது கை நடுங்கும், வியர்வை பெருகும், கண் இருளும், குமட்டலும் வரும். வெறும் வயிற்றில் கடுங்காப்பி அருந்திவிட்டு ஓடுவதும் சிலருக்கு இரைப்பையில் எரிச்சலை உண்டாக்கும். மெல்ல நடப்பவர்க்கு வெறும் வயிறு பெரும்பாலும் கேடு செய்யாது. நெடுநேரம் ஓடவேண்டியவர் ஒரு வாழைப்பழமோ, சிறிது கஞ்சியோ உட்கொண்டு செல்லுதல் நன்று. உடல்வலிக்காக விழுங்கும் மாத்திரைகளுட் சில இரைப்பையைப் புண்படுத்துவன. ஆதலின், மருத்துவர் கூறாமல் ஓட்டத்திற்கு முன் அவற்றை உட்கொள்ளலாகாது.

இரண்டாவது வழி நீரின் அளவை அறிதல். உடலில் நீர் குறைந்தால் குருதியின் அளவும் குறையும். இரைப்பைக்குச் செல்லும் சிறு பங்கும் மேலும் குறைந்துபோகும். எனவே, பயிற்சிக்கு 2 மணி நேரம் முன்னதாக இரண்டு குவளை நீர் அருந்துதல் நலம். நெடுநேரப் பயிற்சியில் தாகத்திற்கு ஏற்ப இடையிடையே சில மிடறு பருகிவருதல் வேண்டும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருப்பின் உடலில் நீர் போதிய அளவு உள்ளது எனலாம். அடர்ந்த மஞ்சளாயின் நீர் வேண்டியிருக்கிறது என அறிதல் வேண்டும். தாகத்தைத் தாங்கிக்கொண்டு ஓடிவிட்டு, முடிவில் ஒரு செம்பு நீரை ஒரே மூச்சில் குடிப்பவன் அந்நீரை வாந்தியாக வெளியேற்றுவதைப் பலகாலும் காணலாம்.

நீர் குறைவதனால் தீமை உண்டு என்றால், மிகுவதனால் நன்மை உண்டு என்பது பொருளன்று. 2002-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் பாசுடன் நகரில் நடந்த மாரத்தான் ஓட்டத்தில் 488 பேரின் குருதியை ஆராய்ந்தனர். அவர்களுள் 100-க்கு 13 பேருக்குக் குருதியில் சோடியம் என்னும் உப்புச்சத்து குறைந்திருந்தது. மூவர்க்கு அது பேரிடர் விளைக்கும் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. ஓட்டத்தின்போது மிகுதியாக நீர் அருந்தி, உடல் எடை கூடியவர்களிடமே இக்குறை பெரிதும் காணப்பட்டது. 2005-ஆம் ஆண்டில் வெளியான அவ்வாராய்ச்சி, அளவுக்கு மிஞ்சிய நீரும் குமட்டலுக்கும் மயக்கத்திற்கும் காரணமாகலாம் என்பதைத் தெளிவாக்கியது. ஒரு மணி நேரத்திற்கு மேற்பட்ட பயிற்சியில், வெறும் நீரோடு உப்பும் சிறிது சர்க்கரையும் சேர்த்துக்கொள்வது நல்லது. ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு சிறு கரண்டிச் சர்க்கரையையும், அரைச் சிறு கரண்டி உப்பையும் கரைத்துக்கொள்ளலாம். உப்பிட்ட நீர்மோரும், எலுமிச்சைச் சாறு பிழிந்த உப்பு நீரும் தமிழ்நாட்டு இல்லங்களில் வழிவழியாக வழங்கிவரும் நற்பானங்கள்.

மூன்றாவது வழி வெயிலை அறிதல். உழைக்கும் உடலில் வெப்பம் மிகும். அவ்வெப்பத்தைத் தணிக்க வியர்வை சுரக்கிறது. வியர்வை சுரப்பதனால் மட்டும் உடல் குளிர்வதில்லை. அது காற்றில் ஆவியாகும்போதே உடல் குளிர்கிறது. புதுச்சேரி கடற்கரை ஊராதலால் காற்றில் ஈரம் மிகுதி. உலர்ந்த ஊரில் விரைவில் ஆவியாகும் வியர்வை, இங்கே துளித்துளியாக வழிந்து நிலத்தில் வீழ்கிறது. உடலின் வெப்பமோ தணியாமல் நிற்கிறது. கத்திரி வெயில் காயும் மே மாதத்தில் நண்பகல் வெப்பம் 38 டிகிரி செல்சியசு அளவை எட்டுவதும் தாண்டுவதும் உண்டு. அக்காலத்தில் குருதியின் ஒரு பங்கு உடலைக் குளிர்விப்பதற்காகத் தோலுக்கும் செல்லவேண்டியிருக்கிறது. தசைக்கும் தோலுக்கும் பங்கிட்ட பின்னர் வயிற்றுக்கு எஞ்சுவது மிகச் சிறிதே. ஆதலின், கோடையில் கதிரவன் எழுமுன்னரோ, வெயில் தாழ்ந்து கடற்காற்று வீசும் மாலையிலோ பயிற்சி செய்தல் வேண்டும். வெயிலுக்கு உடல் பழகுவதற்கு 10 முதல் 14 நாள் வரை ஆகும். விடுமுறை கழிந்து திடலுக்கு வரும் மாணவர் முதல் நாளிலேயே பழைய வேகத்தில் ஓட முயலலாகாது.

இதனைப் புறக்கணித்தால் விளையும் கேட்டிற்குச் சான்றுகள் பல. 1954-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், கனடா நாட்டின் வான்கூவர் நகரில் நடந்த காமன்வெல்த்து நாடுகளின் விளையாட்டுப் போட்டியில், இங்கிலாந்தைச் சேர்ந்த சிம் பீட்டர்சு என்பவர் மாரத்தான் ஓட்டத்தில் ஏனையோரை நெடுந்தொலைவு பின்னே விட்டு, வெயிலில் அரங்கினுள் முதல்வராக நுழைந்தார். முடிவுக் கோட்டிற்குச் சிறு தொலைவே இருந்தது. ஆனால், வெப்பத்தாலும் நீர்க்குறையாலும் தளர்ந்த அவர் பன்முறை வீழ்ந்து எழுந்து தள்ளாடினார். இறுதியில் ஓட்டத்தை முடிக்க இயலாமல் தூக்கிச் செல்லப்பட்டார். அவர் உயிர் பிழைத்தார். எனினும், அதன்பின் போட்டிகளில் ஓடவேயில்லை.

உலகப் புகழ் பெற்ற வீரருக்கு நேர்ந்தது இது. நம் நாட்டில் வேலை வேண்டித் தேர்வுக்கு வந்த இளைஞர்க்கு நேர்ந்தது இதனினும் கொடியது. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில், சார்க்கண்டு மாநிலத்தில் மதுவிலக்கு, ஆயத்தீர்வைத் துறையின் காவலர் பணிக்கு உடற்தகுதித் தேர்வு நடந்தது. 10 கிலோமீட்டர் தொலைவை ஓடிக் கடத்தல் அத்தேர்வின் ஒரு பகுதியாகும். அங்கு உடல்நலம் குன்றியவர்களுள் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் தேர்வு சில நாள் நிறுத்திவைக்கப்பட்டது. காலை 9 மணிக்குப் பின் ஓட்டம் நடத்தலாகாது என்றும் அம்மாநில முதலமைச்சர் அறிவித்தார். வேலையைப் பெற்றுக் குடும்பத்தைக் காக்க எண்ணிச் சென்ற மைந்தர் உயிரற்றுத் திரும்பினர் எனின், அவ்வீடுகளின் துயரத்தை எவ்வாறு அளவிடுவது?

நான்காவது வழி வேகத்தை அளந்துகொள்ளுதல். பயிற்சியைத் தொடங்கும்போது 5 முதல் 10 நிமிடம் மெல்ல நடந்தும், கை கால்களை அசைத்தும் உடலை அணியப்படுத்தல் வேண்டும். பழகத் தொடங்கும் நாள்களில், உடன் வருபவரோடு தடையின்றிப் பேசிக்கொண்டே செல்லக்கூடிய வேகமே ஏற்ற வேகம். ஒரு சொற்றொடரையும் முழுமையாகச் சொல்ல இயலாமல் மூச்சு வாங்குமானால், வேகம் மிகுந்துவிட்டது என்பதற்கு அதுவே அறிகுறி. தொலைவையும் வேகத்தையும் வாரந்தோறும் சிறிது சிறிதாக உயர்த்திவரின், உடல் அதற்கேற்பத் தன்னைத் திருத்தியமைத்துக்கொள்ளும். ஒரு திங்களுக்கு முன் குமட்டலைத் தந்த அதே ஓட்டம், பின்னர் இயல்பான செயலாகிவிடும்.

தொடங்குவதைப் போன்றே முடிப்பதற்கும் முறை உண்டு. விரைந்து ஓடியவன் திடீரென்று நின்றுவிடலாகாது. ஓடும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து, கால்களில் உள்ள குருதியை இதயத்தை நோக்கி மேலே தள்ளுகின்றன. திடீரென நின்றால் அத்தொழில் நின்றுபோகும். குருதி கால்களிலேயே தங்கும். மூளைக்குச் செல்லும் குருதி குறையும். ஓட்டத்தின்போது வாராத குமட்டல், ஓடி முடித்தவுடன் வருவதற்கு இதுவே பெருங்காரணம். எனவே, முடிவுக் கோட்டைக் கடந்த பிறகும் 5 முதல் 10 நிமிடம் மெல்ல நடந்து, மூச்சு சீரான பின்னரே அமர்தல் வேண்டும்.

வேறு சில சிறு குறிப்புகளும் உள. இடுப்பை இறுக்கும் ஆடையும் வாரும் இரைப்பையை அழுத்தும். உண்ட சிறிது நேரத்தில் குனிந்து நிமிரும் பயிற்சிகளைச் செய்தால் இரைப்பையின் புளிப்பு நீர் தொண்டைக்கு ஏறும். குட்டிக்கரணம் போடுதல், விரைந்து சுழலுதல் ஆகியவற்றால் உட்செவியின் சமநிலை குலைந்து தலை சுற்றும். இத்தகைய பயிற்சிகளை மெல்லத் தொடங்கி, இடையிடையே நின்று, அசையாத ஒரு பொருளின்மீது பார்வையை நிறுத்துதல் நலம் பயக்கும்.

இவ்வளவு செய்தும் குமட்டல் வருமானால், உடனே வேகத்தைக் குறைத்தல் வேண்டும். சிறிது நடந்து, நிழலை அடைந்து, ஆடையைத் தளர்த்தி, குளிர்ந்த நீரைச் சிறுகச் சிறுகப் பருகுதல் வேண்டும். நெற்றியிலும் கழுத்திலும் ஈரத்துணியை வைக்கலாம். தலை சுற்றினால் படுத்துக் கால்களைச் சற்று உயர்த்தி வைத்தல் நன்று. வாந்தி எடுப்பவரை ஒருக்களித்துப் படுக்கச் செய்தல் வேண்டும். மல்லாந்து கிடப்பின் வாந்தி மூச்சுக்குழலை அடைத்துவிடக்கூடும். நினைவிழந்தவரின் வாயில் நீரையோ வேறெதனையோ ஊற்றுதல் ஆகாது. இஞ்சிச் சாறும் எலுமிச்சையும் குமட்டலைச் சிறிது தணிக்கலாம். ஆனால், காரணத்தை நீக்காமல் அவற்றை மட்டும் நம்பிப் பயிற்சியைத் தொடர்தல் தகாது.

குமட்டலோடு வேறு குறிகள் சேருமாயின் அதனை எளிதாக எண்ணலாகாது. மார்பில் வலியோ அழுத்தமோ, அடங்காத மூச்சிரைப்பு, கடுந்தலைவலி, பேச்சுத் தடுமாற்றம், அறிவு மயக்கம், அனல் போலச் சுடும் உடல், வாந்தியில் குருதி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் காலம் தாழ்த்தாமல் 108 என்னும் எண்ணுக்கு அழைத்தல் வேண்டும். உடலின் வெப்பம் 40 டிகிரி செல்சியசுக்கு மேல் ஏறி, அறிவு மயங்குவது வெப்பத்தாக்கு என்னும் உயிர்க்கேடான நிலை. ஊர்தி வரும்வரை உடல் முழுதும் நீரை ஊற்றி விசிறுதல் உயிர் காக்கும் உதவியாகும். ரெட்டியார்பாளையத்தில் வாழ்வோர்க்குக் கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும், கோரிமேட்டில் சிப்மர் மருத்துவமனையும் அண்மையில் உள்ளன. நடுவயதைக் கடந்தவர்க்கு உழைக்கும்போது வரும் குமட்டல் இதய நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் சர்க்கரைக் குறைவு நேராதபடி மருத்துவரின் அறிவுரையைப் பெற்றே பயிற்சியைத் தொடங்குதல் வேண்டும்.

வாந்தி எடுக்கும்வரை ஓடுவதே வீரம் என்று எண்ணுவோர் சிலர் உளர். குமட்டுகிறது என்று கூறும் மாணவனைக் கோழை என்று நகையாடுவோரும் உளர். நகைப்புக்கு அஞ்சி வாய் மூடும் சிறுவன், இடர் நேரும்போதும் வாய் திறவான். திடலில் மாணவரைப் பயிற்றுவோர் இதனை நன்கு உணர்தல் வேண்டும். ஒருவன் நின்றுவிட்டால் ஏன் நின்றான் என்று கேட்பதும், அவன் எப்பொழுது என்ன உண்டான், எவ்வளவு நீர் பருகினான் என்று உசாவுவதும், நிழலில் அமர்த்துவதும் அவர்தம் கடமைகளாகும். உடல் கூறும் உண்மையை ஒளிக்காமல் உரைப்பதற்கும் துணிவு வேண்டும். உடன் ஓடும் மாணவரும், தளர்ந்த தோழனைத் தனியே விட்டுச் செல்லாமல் துணைநிற்றல் வேண்டும். ஒரு நாள் ஓட்டத்தில் பின்தங்கினால் மறுநாள் முந்தலாம். போன உயிரோ மீளாது.

உடற்பயிற்சி ஒரு நாளில் முடியும் போட்டியன்று. வாழ்நாள் முழுதும் தொடரவேண்டிய நல்லொழுக்கம். உண்ட காலத்தை எண்ணி, நீரின் அளவை அறிந்து, வெயிலை விலக்கி, வேகத்தை மெல்ல உயர்த்திவரும் மாணவன் குமட்டலுக்கு அஞ்சவேண்டுவதில்லை. குமட்டல் வந்தாலும், அதன் பொருளை அறிந்து நிற்க வேண்டிய இடத்தில் நிற்பான்; மறுநாள் மீண்டும் ஓடுவான். அவ்வாறு பழகிய உடலே முதுமையிலும் உறுதுணையாக நிற்கும்.